காது கிழிந்தது என்ன செய்கிறது

தாகுர்துவாரா, பர்தியா
மாசி 26

பூலியின் அம்மாவுக்கு,

நான் நலம். நீ, பூலி, அத்தை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். மோதிகலியும் நலம். வழியில் முள் குத்தி முன்கால் வீங்கியிருந்தது, இப்போது வற்றிவிட்டது. என்னைக் கேட்பதற்கு முன் யானையைத்தான் கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நம் சித்வனிலிருந்து நாங்கள் யானைகளோடு நடந்து வந்து சேர்ந்த பிறகுதான் அதுவரை அங்கே பட்டியில் அடைத்து வைத்திருந்த காண்டாமிருகங்களை ஏற்றிய லாரிகள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் பாய்ந்து வரும் என்று பாதிப் பேர் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பாயவில்லை. முதல் பெட்டியில் இருந்தது தலையை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்துவிட்டு, மாமியார் வீட்டு வாசலில் நிற்கிற புதுப்பெண் மாதிரி அப்படியே நின்றுகொண்டது. பொழுது சாயும்வரை இறங்கவில்லை. மரத்தில் இருந்தவர்களுக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

இந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத் தாரு ஜனங்கள்தான். ஆனால் பேச்சு வேறு. நான் தண்ணீர் கேட்டால்கூடச் சிரிக்கிறார்கள். காண்டாமிருகத்தை இவர்கள் அப்பன் பாட்டன் காலத்திலும் கண்டதில்லை. தோலின் மடிப்புகளைப் பார்த்துவிட்டு ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “ஏங்க, வெயில் காலம் வருது. அதுக்கு எதுக்குச் சட்டை போட்டு விட்டிருக்கீங்க?” “கழட்ட வராதும்மா, தோலே அப்பிடித்தான்” என்றேன். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “பாவம், பட்டன் எங்க இருக்குன்னே இவங்களுக்குத் தெரியல” என்று சொல்லிக்கொண்டு போனாள்.

காண்டாமிருகமே இல்லாதிருந்த இந்தக் காட்டுக்கு அவை பழகும்வரை நாங்கள் இருக்க வேண்டுமாம். மழைக்காலம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்கிறார் எங்கள் வன அதிகாரி சாகேப். அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? பூலியை ஆற்றுப் பக்கம் தனியாக விடாதே.

தேஜ்லால்

*

சௌராஹா
பங்குனி 14

பூலியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு இடத்தில் கிழிந்திருந்தது. யானை கொண்டுவந்து கொடுத்திருந்தால்கூட இன்னும் முழுசாக வந்திருக்கும்.

இங்கே எல்லாரும் நலம். கடுகு அடித்து முடித்தாயிற்று. கறுப்பு ஆடு குட்டி போட்டிருக்கிறது. பூலி, அப்பா எங்கே என்று கேட்டால் யானைக் கொட்டடியைக் காட்டுகிறாள். அம்மா ஒரு வேளை சாப்பிட்டால் மறுவேளை எழுந்து போய்விடுகிறாள். வயலில் தம்பி லச்சு காவலுக்குப் போட்டிருந்த பரணைப் பிரித்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். “ஏம்மா, அண்ணன் அடுத்த போகத்துக்கு உட்காரணுமே” என்றேன். “உங்கண்ணன் தரையில உட்காரட்டும்” என்றாள். ஐப்பசியில் தம்பி போனதிலிருந்து அந்த வயல் பக்கம் அவள் போவதில்லை. பரணைப் பிரிக்க மட்டும் போனாள்.

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். இங்கே இருக்கிற காண்டாமிருகங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தானே சாணி போடும்? புது ஊரில் அந்தக் குவியல் இருக்காதே, எங்கே போடுவது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? அங்கே இருக்கிற புல்லும் இதே புல்தானா? ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றனவா?

கொண்டுபோனவற்றில் வலது காது கிழிந்த ஒன்று இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

சுகனி

*

தாகுர்துவாரா
சித்திரை 3

பூலியின் அம்மாவுக்கு,

நீ சாணியைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. சாகேபிடமே கேட்டேன். “உங்க வீட்டுக்காரம்மாவுக்கு என் வேலையக் குடுத்திரலாம்யா” என்றார்.

முதலில் ஒவ்வொன்றும் கண்ட இடத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது. பிறகு ஒரு நாள் ஆற்றுக்குப் போகிற தடத்தில், ஒரு மரத்தடியில் ஒன்று போட்டுவிட்டுப் போயிற்று. அடுத்து வந்தது வெகுநேரம் முகர்ந்தது. முகர்ந்து முடித்துத் திரும்பி நின்று, பின்பக்கமாகவே நாலு எட்டு நடந்து, அதே இடத்தில் தானும் போட்டது. இப்போது அங்கே இடுப்பளவு குவியல். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எல்லாம் அதிலேயே தெரிந்துகொள்கின்றனவாம். குவியல் உண்டான அன்று சாகேப் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். என்னோடு யானை ஓட்ட வந்த நம் ஊர்க் காசி கையில் வாங்கிக்கொண்டு, “எதுக்கு சாகேப், யாருக்குக் கொழந்த?” என்றான்.

புல் இதே புல்தான், ஆனால் தண்டு கொஞ்சம் முரடு. ஆற்றுத் திட்டுகளில் எரித்துவிட்ட இடங்களில் தளிர் வந்திருக்கிறது, அதைத்தான் தேடிப் போகின்றன.

காது என்று பார்த்தால், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பக்கம் கிழிசல் இருக்கத்தான் செய்கிறது. முள்ளுக்குள்ளேயே வாழ்கிற பிராணிகள்.

மோதிகலி இப்போது நெல்லும் வெல்லமும் புல்லில் பொதிந்து கொடுத்தால் வெல்லத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு நெல்லைத் துப்புகிறது. இந்த ஊர்ச் சாப்பாட்டுத் திமிர். எனக்குத்தான் உன் கை நத்தைக் குழம்பு இல்லாமல் நாக்கு செத்துவிட்டது.

தேஜ்லால்

*

சௌராஹா
சித்திரை 22

பூலியின் அப்பாவுக்கு,

காசி விடுப்பில் வந்தான். அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன். “வலது காது கிழிஞ்சது அங்க இருக்கா?” என்றதும் அவன் என் குடத்தைப் பார்த்தான். “அண்ணன் எழுதலையா அண்ணி?” என்றான். “எழுதினாரு. எல்லாத்துக்கும் கிழிஞ்சிருக்குன்னு எழுதினாரு” என்றேன். அதற்கு மேல் அவன் மறைக்கவில்லை. நல்ல பிள்ளை. அவனைத் திட்டாதீர்கள்.

அது அங்கே இருக்கிறது. அதற்கு யாரும் தொந்தரவு கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. என் தம்பியைக் கிழித்த மிருகத்துக்கு என் புருஷன் காவல்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அதைப் பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எனக்கு வேண்டியது வேறு. அதைப் பற்றி எழுதுங்கள். மற்றவை வேண்டாம், அது மட்டும். என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது, மனிதர்களைப் பார்த்தால் என்ன செய்கிறது. அன்று காலை வயலில் நடந்தது அதற்கு நினைவிருக்குமா? சாகேபைக் கேளுங்கள். தம்பி உடம்பில் இருந்தது கொம்புக் காயம் இல்லை என்று கழுவியவர்கள் சொன்னார்கள். பிறகு எது?

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெண்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டீர்கள்.

சுகனி

*

கர்மலா ஓடை
வைகாசி 19

சுகனி,

ஆமாம், அதுதான். வலது காது நுனியிலிருந்து பாதிவரை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிடிக்கப்போன அன்று அதைச் சுற்றி வளையமாக நின்ற யானைகளில் மோதிகலியும் ஒன்று. மருந்து ஊசி பட்டு அது மடங்கி உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை ஊரைவிட்டுக் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. உனக்கு எழுதினால் நீ இப்படி உட்கார்ந்து யோசிப்பாய் என்றுதான் எழுதவில்லை.

கேட்டதற்குச் சொல்கிறேன். காண்டாமிருகம் கொம்பால் குத்துவது குறைவு. கீழ்த்தாடையில் உளி மாதிரி இரண்டு பற்கள் இருக்கின்றன, அவற்றால்தான் வெட்டும். கண் பார்வை மோசம். பக்கத்தில் நிற்பது மனிதனா மரமா என்று தெரியாது. மூக்கும் காதும்தான் எல்லாம். நினைவிருக்குமா என்று சாகேபைக் கேட்டேன். “எடம் ஞாபகம் இருக்கும். வாசனை ஞாபகம் இருக்கும். ஆளு ஞாபகம் இருக்குமான்னு எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்” என்றார்.

இப்போது வேறு ஒரு செய்தி. அது மற்றவற்றோடு ஒட்டவில்லை. அந்தச் சாணிக் குவியலுக்கும் போகவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் கிளம்பிவிட்டது. காட்டை விட்டு வெளியே வந்து, கிராமங்களின் ஓரமாக, கிழக்கே நடக்கிறது. நானும் காசியும் மோதிகலியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறோம். மறிக்கக் கூடாது, ஆட்கள் அதைச் சீண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று உத்தரவு.

நேற்று ஒரு ஊரில் அதன் மூன்று விரல் தடத்தைச் சுற்றிப் பெண்கள் குங்குமம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் வழியை மறித்துக்கொண்டு கேட்டார்:

“அது எங்கய்யா போவுது?”

“தெரியாது தாத்தா.”

“பின்னாடியே போற, தெரியாதுங்கற. கேட்டுப் பார்த்தியா?”

“கேட்டா சொல்லுமா?”

“மரியாதையா கேட்டியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

கிழக்கே என்றால் நம் ஊர்ப் பக்கம். வெகுதூரம், நடுவே எத்தனையோ ஆறுகள். வந்துசேராது. இருந்தாலும் உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

தேஜ்லால்

*

சௌராஹா
ஆனி 11

பூலியின் அப்பாவுக்கு,

இந்த முறை நேராக எழுதினீர்கள். பல் என்று தெரிந்த பிறகு ஏனோ கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதுவரை எந்த ஆயுதம் என்று தெரியாமலேயே தம்பியை மனசுக்குள் குத்திக்கொண்டிருந்தேன்.

செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. எந்த டிரைவர் சொன்னானோ. டீக்கடையில், “அது திரும்பி வருதாம், நம்ம ராப்தி ஆத்தத் தேடி வருதாம்” என்று பேச்சு. என் அண்ணனும் இன்னும் சிலரும் வயலில் விஷம் வைத்த உருளைக்கிழங்கு போடலாம் என்று பேசுகிறார்கள். அம்மா காதிலும் விழுந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். “எவ்வளவு தூரம் வந்திருக்காம்?” என்றாள். அதிலிருந்து தினமும் அதையே கேட்கிறாள். “இன்னிக்கு எங்க இருக்காம்?” என்று அவள் கேட்பதும், எனக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

கிழக்கு எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பெட்டிக்குள் அடைத்து லாரியில்தானே கொண்டுபோனீர்கள். வழியைப் பார்த்திருக்காது. காற்றில் ஏதாவது வருமா? நான் கல்யாணமாகி எதிர்த்த வீட்டுக்கு வந்தவள், எனக்கு இதெல்லாம் தெரியாது.

இங்கே வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அண்ணன் போடுகிற கிழங்கைப் பொறுக்குவீர்களா, போடட்டும் என்று விடுவீர்களா? இதற்கு யோசித்துப் பதில் எழுதுங்கள்.

சுகனி

*

பபாயி பள்ளத்தாக்கு
ஆவணி 20

சுகனி,

மழையில் ஆறு ஏறி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. இந்தக் கடிதத்தை எப்போது யாரிடம் கொடுப்பேன் என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

அது நின்றுவிட்டது. பபாயி ஆற்றைக் கடந்து வடக்கே மலைகளுக்கு நடுவே திரும்பியது. இங்கே ஊர் கிடையாது, வயல் கிடையாது, புல்லும் சேறும்தான். ஒரு குட்டையில் இறங்கிப் படுத்தது, பிறகு கிழக்கே போகவில்லை. ஏன் கிளம்பியது, ஏன் நின்றது என்று சாகேபுக்கும் தெரியவில்லை.

போன வாரம் இரண்டு நாள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் நாணலுக்குள்ளிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மோதிகலி நின்றுவிட்டது, அங்குசத்துக்கும் அசையவில்லை. நாணல் விலகியது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. இளஞ்சிவப்பாக, பெரிய பன்றி அளவுக்கு, அம்மாவின் மடிப்புகள் எல்லாம் அப்படியே சின்னதாக. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் வழுக்கையாக ஒரு தட்டு. தன் காலைத் தானே மிதித்து விழுந்து எழுந்தது.

காண்டாமிருகம் பதினைந்து பதினாறு மாதம் சுமக்குமாம். நீயே கணக்குப் போட்டுக்கொள். நான் போட்டுப் பார்த்துவிட்டு யானைமேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். கிழங்கைப் பொறுக்குவேன். என் வேலை என்பதற்காக மட்டும் இல்லை. லச்சு இருந்திருந்தால் அவனும் பொறுக்கியிருப்பான் என்று சொல்ல வந்தேன், ஆனால் அது எனக்குத் தெரியாது. அவன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நான் பொறுக்குவேன், அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு காவல் முகாம் போடுகிறார்கள். எனக்கு நிரந்தர வேலை, குடும்பத்தோடு இருக்க வீடு. குட்டி பெரிதாகும்வரை, அதாவது வருஷக்கணக்கில். சாகேப், “வீட்டுல கேட்டுட்டுச் சொல்லு” என்றார். கேட்கிறேன். நீ வரமாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து உன் அண்ணனோடு உழுகிறேன். கோபத்தில் சொல்லவில்லை. மோதிகலியை மட்டும் யாரிடம் விடுவது என்று தெரியவில்லை.

தேஜ்லால்

*

சௌராஹா
கார்த்திகை 4

பூலியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் புரட்டாசி கடைசியில் வந்தது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. அதனால் எழுதவில்லை.

கணக்குப் போட்டேன். அன்று காலை அது நம் நெல்லைத் தின்றுகொண்டிருந்தபோது குட்டி வயிற்றில் இருந்திருக்கிறது. லச்சு கத்திக்கொண்டே ஓடியிருப்பான், அவன் குரல் உங்களுக்குத் தெரியும். இதை அம்மாவிடம் சொன்னேன். “அதுக்கு? என் வயித்துல இருந்தவன் அவன்” என்றாள்.

அறுவடை முடிந்ததும் வருகிறேன். குடியிருக்க இல்லை, பார்க்க. உங்களையும் பார்ப்பேன், ஆனால் முதலில் அதைக் காட்டுங்கள். பூலி அம்மாவிடம் இருக்கட்டும். அம்மாவிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். “போய் என்னத்தப் பார்க்கப்போற?” என்றாள். “தெரியல” என்றேன். “பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு” என்றாள்.

யானையில் என்னை முன்னால் உட்காரவையுங்கள். உங்கள் முதுகைப் பார்ப்பதற்காக நான் வரவில்லை.

சுகனி

*

சௌராஹா
மார்கழி 18

பூலியின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பூலிக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. நான் வராமல் இருந்திருந்தாலும் பரவாயில்லை என்பதுபோல விளையாடிக்கொண்டிருந்தாள்.

அங்கே இருந்தபோது உங்களிடம் நான் அதிகம் பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை, நல்லது. இப்போது எழுதுகிறேன்.

மூன்று நாள் தேடினோமே, முதல் இரண்டு நாளும் கிடைக்காதபோது, கிடைக்காமலே போகட்டும் என்று இருந்தது. மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் நீங்கள் என் தோளைத் தொட்டுக் காட்டினீர்கள். பாறை என்று நினைத்ததற்குக் காது இருந்தது. எனக்குள் என்னென்னவோ கிளம்பும் என்று எதிர்பார்த்திருந்தேன். முதலில் வந்தது, இவ்வளவு பெரியதா என்பதுதான். தம்பி ஒல்லி. இதற்கு முன்னால் ஒரு கோலை வைத்துக்கொண்டு நின்றானா என்று ஆச்சரியமாக இருந்தது. அவன்மேல் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் நான் கூப்பிட்டேன். நீங்கள் பயந்துவிட்டீர்கள், உங்கள் கை என் இடுப்பை இறுக்கியது. அதைக் கூப்பிடவில்லை. அவன் பெயரைத்தான் சொன்னேன். சத்தமாக, வயலிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அது இரண்டு காதையும் திருப்பியது. கிழிந்த காது இரண்டு துண்டாகத் திரும்பியது. குட்டி ஓடி வந்து காலுக்கு நடுவில் நின்றது. அது கொஞ்ச நேரம் கேட்டது. நானும் காத்திருந்தேன். பிறகு தலையைக் குனிந்து புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

அதனிடம் ஒன்றும் இல்லை. நான் கேட்க வந்தது அதனிடம் இல்லவே இல்லை. இத்தனை மாதமாக அதற்கு ஏதோ தெரியும், அதை நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களைப் படுத்தினேன். அது புல் தின்கிறது, அவ்வளவுதான். யானை திரும்பும்போது நான் அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை. குட்டியைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முற்றத்தில் திக்ரிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். கையை எடுக்காமலே கேட்டாள்.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“எப்பிடி இருக்கு?”

“இருக்கும்மா. குட்டியோட இருக்கு.”

மாவை உருட்டி உருட்டி வைத்தாள். அடுக்கு நிறைந்த பிறகு, “அதுக்குப் பால் இருக்கா?” என்றாள்.

“இருக்கு. நல்லாக் குடிக்குது.”

“ம்” என்றாள். வேக வைத்தாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணன் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவளாகவே பேச்செடுத்தாள். “மாப்பிள்ள அங்க தனியா கெடக்காரு. நீ இங்க எனக்காக உட்கார்ந்திருக்கியாக்கும்?” நான் கழுவப் பானையை எடுத்து வைத்தேன். “நான் வரமாட்டேன். அது மொகத்துல முழிக்க மாட்டேன். எனக்கு உங்கண்ணன் இருக்கான், திட்டறதுக்கு மருமக இருக்கா. நீ புள்ளயக் கூட்டிட்டுப் போ” என்றாள். கொஞ்சம் பொறுத்து, பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “ஆனா ஒண்ணு. அந்தக் குட்டிக்கு யாரும் பேரு வைக்கக் கூடாது.”

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

தை பிறந்ததும் பூலியோடு வருகிறேன். கூரையில் வடக்கு மூலை ஒழுகும்போலத் தெரிந்தது, பார்த்து வையுங்கள். அடுப்பு நான் வந்து போட்டுக்கொள்கிறேன். குட்டியைக் குட்டி என்றே கூப்பிடுங்கள். காசியிடமும் சொல்லிவிடுங்கள்.

சுகனி